செல்ஃப் மோட்டாரை மாற்றியும் தீராத கோளாறு: பழைய கமாண்டர் ஜீப் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

போடிநாயக்கனூரிலிருந்து விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மேலே போகும் ஜீப்புகளில் இதுவும் ஒன்று. மகிந்திரா கமாண்டர், 1997 மாடல். உள்ளே இருப்பது ஊரில் எல்லோரும் பீஜோ எஞ்சின் என்று சொல்லும் எக்ஸ்டிபி 4.90. நான்கு சிலிண்டர், 2,112 சிசி, டர்போ கிடையாது, எடுப்பதற்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் வைத்த பழைய டீசல். 12 வோல்ட் பேட்டரி ஒன்று.

வண்டிக்காரர் சொன்ன புகார் இது: "காலையில முக்கி முனகியாவது எடுத்துரும்ணே. மேல போய் ஆளை இறக்கிட்டு ஆஃப் பண்ணிட்டு, மறுபடி சாவியத் திருப்பினா டக்குனு ஒரு சத்தம், அம்புட்டுதான். இல்லன்னா ரெண்டு சுத்து இழுத்து இழுத்து சுத்திட்டு நின்னுரும். அடியில போய் செல்ஃப ரெண்டு தட்டு தட்டினா எடுக்குது."

போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்விட்டால் மெக்கானிக்கைத் தேட முடியாது. அதனால் அவர் வண்டியை எப்போதும் இறக்கத்தில் நிறுத்தி, இரண்டாவது கியரில் விட்டு எடுக்கும் பழக்கத்துக்கு வந்திருந்தார்.

இதற்குள் செலவும் நிறைய ஆகிவிட்டது. முதலில் பேட்டரி புதிதாகப் போட்டார்கள். சில வாரம் நன்றாக ஓடி, மறுபடி அதே கதை. அப்புறம் எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, அதற்குள் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டைகளை மாற்றினார்கள். பிறகு அந்த மோட்டாரையே ஓரங்கட்டிவிட்டு, ரீகண்டிஷன் செய்த இன்னொன்றைப் பூட்டினார்கள். கோளாறு அசையவில்லை. பழைய மோட்டார் ஒரு சாக்குப் பையில் சீட்டுக்கு அடியில் கிடந்தது.

மோட்டாரை மாற்றியும் அதே கோளாறு அதே மாதிரி வந்தால், கோளாறு மோட்டாரில் இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஆனால் பட்டறைகளில் இந்த இடத்தில் "போட்ட ரீகண்டிஷன் மோட்டாரும் சரியில்லை போல" என்றுதான் பேச்சு போகும். மூன்றாவது மோட்டாருக்கு விலை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அளந்து பார்க்காமல் செல்ஃப் மோட்டாரைக் கழற்றவே கூடாது என்பது என் கட்சி. பத்தில் எத்தனை என்று கணக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் கழற்றி மேசையில் வைத்தால் ஒழுங்காகச் சுற்றும் மோட்டார்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சத்தத்தில் இருந்து தொடங்கலாம்

சாவியைத் திருப்பும்போது வரும் சத்தம் பாதி விடையைச் சொல்லிவிடும். டகடகடகவென்று வேகமாகத் தட்டினால் சோலனாய்டு (மோட்டாரின் பினியன் பல்லை முன்னே தள்ளி, மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்தச் சுவிட்ச்) உள்ளே இழுக்கிறது, மோட்டாருக்குக் கரண்ட் பாய்ந்தவுடன் வோல்டேஜ் சரிகிறது, பிடி விடுகிறது, மறுபடி இழுக்கிறது என்று பொருள். பேட்டரியோ டெர்மினலோ எர்த்தோ (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) பலவீனம். கனமாக ஒரே ஒரு டக் வந்து நின்றால் சோலனாய்டு இழுத்துப் பிடித்துவிட்டது. அதற்கு மேல் கரண்ட் மோட்டாருக்குள் போகவில்லை, அல்லது போயும் சுற்ற முடியவில்லை. சத்தமே இல்லையென்றால் சாவியிலிருந்து சோலனாய்டுக்கு வரும் சின்ன வயர்ப் பாதையைப் பார்க்க வேண்டும். மோட்டார் மட்டும் விர்ரென்று தனியாகச் சுற்றி எஞ்சின் சுற்றாமல் இருந்தால், பினியன் பல்லைத் தாங்கும் பெண்டிக்ஸில் உள்ள ஒருவழிக் கிளட்ச் நழுவுகிறது. கரகரவென்று அரைத்தால் பினியன் பல் தேய்ந்திருக்கும், அல்லது அது கோக்கும் ஃப்ளைவீல் ரிங் கியர். நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டே இடங்களில்தான் வந்து நிற்கும். அதனால் ரிங் கியரும் அந்த இரண்டு இடத்தில் மட்டும் தேயும். சில நேரம் பிடித்து, சில நேரம் அரைக்கும் வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

இந்த ஜீப்பில் இருந்தது கனமான ஒரே டக், அல்லது இழுவையான சுற்று. விர்ர் இல்லை, அரைப்பு இல்லை. ஆகவே பெண்டிக்ஸும் ரிங் கியரும் கணக்கிலிருந்து வெளியே போய்விட்டன.

"தட்டினால் எடுக்கிறது" என்பதுதான் எல்லோரையும் மோட்டார் பக்கம் இழுத்துக்கொண்டு போன துப்பு. தேய்ந்த கார்பன் கூண்டில் சிக்கியிருந்தால் தட்டும்போது அது நகர்ந்து, தண்டோடு சுற்றும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைத் தொடும் என்பது உண்மைதான். ஆனால் தட்டுவதற்கு ஓட்டுநர் இறங்கி, ஸ்பேனரைத் தேடி, அடியில் படுத்து, மறுபடி ஏறி உட்கார வேண்டும். இரண்டு நிமிடமாவது ஆகிவிடும். தட்டியதால் எடுத்ததா, காத்திருந்ததால் எடுத்ததா? அவரிடம் சொன்னேன்: அடுத்த முறை தட்ட வேண்டாம், இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்புங்கள் என்று. தட்டாமலே எடுத்தது. அந்தத் துப்பும் அத்தோடு செத்தது.

கூடவே ஒன்று கேட்டேன். இந்தத் தொல்லை ஆரம்பிப்பதற்கு முன்னால் வண்டியில் வேறு என்ன வேலை நடந்தது? அவருக்கு அது சம்பந்தமில்லாத கேள்வியாகத் தோன்றியது. யோசித்துச் சொன்னார்: வேறு ஓர் ஊர்ப் பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட் மாற்றினார்கள். அதற்கப்புறம் ஸ்பீடாமீட்டர் கேபிள் இரண்டு தடவை போய்விட்டது. "முள்ளு ஆடுது, உள்ள கிரீஸ் எல்லாம் கருகிப்போயிருந்துச்சுண்ணே." கிலோமீட்டர் முள்ளுக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் என்ன உறவு என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியது அவர் வேலையும் இல்லை.

வோல்டேஜ் இருக்கிறது, கரண்ட் போகிறதா?

டீசல் எஞ்சினைச் சுற்றுவது லேசான காரியமில்லை. பழைய பெட்ரோல் எஞ்சினில் அமுக்க விகிதம் 8, 9 என்று இருக்கும். ஹீட்டர் பிளக் வைத்த இந்த ரக டீசலில் அது 20-ஐத் தாண்டும். அந்த அமுக்கத்தைத் தாண்டிச் சுற்ற செல்ஃப் மோட்டார் 200 முதல் 300 ஆம்பியர் வரை இழுக்கும். முதல் அசைவுக்கு இன்னும் கூடுதல்.

இவ்வளவு கரண்ட் ஓடும் பாதையில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும். 0.01 ஓமை 300 ஆம்பியரால் பெருக்கினால் 3 வோல்ட். பன்னிரண்டில் மூன்று வழியிலேயே காணாமல் போய்விடும். கையில் வைத்திருக்கும் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துத் தொட்டால் அந்த 0.01 ஓம் தெரியவே தெரியாது. பீப் அடித்து "தொடர்பு நன்றாக இருக்கிறது" என்று சொல்லும். நூறு இழையில் நான்கு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் கேபிளுக்கும் பீப் அடிக்கும். மோட்டாரில் கேபிள் மாட்டும் ஸ்டட்டில் மீட்டரை வைத்து "12 வோல்ட் வருது பாருங்க" என்று காட்டுவதும் இதே கதைதான். மடை மூடியிருக்கும்போது வாய்க்காலில் தண்ணீர் மட்டம் எங்கும் சரியாகத்தான் இருக்கும். திறந்துவிட்டால்தான் எந்த இடத்தில் மண் அடைத்திருக்கிறது என்று தெரியும். ஆகவே அளப்பதென்றால் மோட்டார் சுற்றும் அந்தச் சில நொடிகளில் அளக்க வேண்டும். ஓம் வேண்டாம், வோல்டேஜ் இழப்பைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கோளாறு சூட்டில் வருகிறது என்றால் சூட்டில்தான் அளக்க வேண்டும். காலையில் பட்டறையில் குளிர்ந்து நிற்கும் வண்டியில் எடுத்த அளவை வைத்து முடிவெடுத்தால் வீண். வண்டியை மெட்டு வரை ஏற்றி இறக்கி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் மீட்டரை எடுத்தேன்.

அளப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரிப் பழைய டீசலுக்கு ஓடுவதற்கு ஸ்பார்க் எதுவும் தேவையில்லை. பம்பில் டீசல் வந்தால், சுற்றினால், எடுத்துவிடும். சாவி ஆஃபில் இருக்கிறது என்று நம்பி ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சோலனாய்டைக் குறுக்கே இணைத்து, வண்டி கியரில் இருந்து, அடியில் படுத்திருப்பவர் மேல் ஏறுவது கேள்விப்படாத விஷயமில்லை. நியூட்ரல், கை பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல், ஸ்டாப் நாபை வெளியே இழுத்து வைத்து டீசலை நிறுத்துதல். எல்லாம் முடித்த பிறகு ஒருவர் சாவியில், ஒருவர் மீட்டரில். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் சுற்றக் கூடாது. நடுவே ஒரு நிமிடமாவது ஆற விட வேண்டும்.

பேட்டரியை முதலில் பார்த்து முடித்தேன். ஓய்வில் 12.5 வோல்ட். அமிலத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லும் 1.240-க்கும் 1.250-க்கும் இடையில், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. முழு நிறைவு இல்லை, ஆனால் குற்றம் சொல்ல முடியாத பேட்டரி. கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் எஞ்சின் அமுக்கத்தைத் தாண்டிச் சுற்றுகிறது. உள்ளே எதுவும் இறுகவில்லை.

சூடான எஞ்சினை இழுத்து இழுத்துச் சுற்றும்போது பேட்டரியின் இரண்டு ஈயத் தண்டுகளுக்கும் நடுவே 10.9 வோல்ட். டெர்மினல் கிளாம்பில் மீட்டரை வைக்கக் கூடாது, ஈயத் தண்டிலேயே வைக்க வேண்டும். கிளாம்பில் வைத்தால், கிளாம்புக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் வெள்ளைப் பூப்பில் ஆகும் இழப்பும் பேட்டரிக் கணக்கில் சேர்ந்துவிடும். இங்கே 10.9 என்பது சுவாரசியமான எண். 10-க்குக் கீழே போயிருந்தால் பேட்டரியையோ மோட்டாரையோ சந்தேகிக்கலாம். எஞ்சின் இவ்வளவு மெதுவாகச் சுற்றும்போதும் பேட்டரி சௌகரியமாக இருக்கிறது என்றால், அதனிடம் யாரும் போதுமான கரண்ட் கேட்கவில்லை என்று பொருள். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் கேபிளில் மாட்டினேன். 210 ஆம்பியர். நன்றாகச் சுற்றும் மோட்டாருக்கு இது சரி; இவ்வளவு மெதுவாகச் சுற்றும் மோட்டார் இன்னும் கூடுதலாக இழுத்திருக்க வேண்டும்.

மெதுவான சுற்று, குறைவான கரண்ட். இந்த இரண்டும் சேர்ந்தால் கோளாறு வழியில் இருக்கிறது. மெதுவான சுற்று, அதிகமான கரண்ட் என்று வந்திருந்தால் மோட்டாரைக் கழற்றியிருப்பேன். இந்த ஒரு அளவு எடுத்திருந்தால் இரண்டு மோட்டார் செலவு மிச்சமாகியிருக்கும்.

அடுத்து வழியைத் துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் தண்டிலிருந்து சோலனாய்டின் பெரிய ஸ்டட் வரை 0.4 வோல்ட் இழப்பு. கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பழைய வண்டிக்குப் பொறுத்துக்கொள்ளலாம். அரை வோல்ட்டைத் தாண்டினால் கேபிளை மாற்றச் சொல்வேன். சோலனாய்டின் உள்ளே செம்புத் தட்டு தொடும் இடத்தில், அதாவது பேட்டரி ஸ்டட்டிலிருந்து மோட்டார் ஸ்டட்டுக்கு, 0.2. நல்ல அளவு. பேட்டரி நெகட்டிவ் தண்டிலிருந்து மோட்டாரின் இரும்பு உடம்புக்கு: 2.8 வோல்ட்.

எர்த் பக்கத்தில் கால் வோல்ட்டைத் தாண்டினாலே நான் முகம் சுளிப்பேன். இங்கே 2.8. எல்லாவற்றையும் கழித்தால் மோட்டாருக்குக் கிடைத்தது 7.5 வோல்ட்தான். அதை வைத்துக்கொண்டு அந்த மோட்டார் இவ்வளவு சுற்றியதே பெரிது.

அந்த 2.8 எங்கே போகிறது என்று மேலும் பிரித்துப் பார்த்தேன். நெகட்டிவ் தண்டிலிருந்து சேசிஸ் வரை 0.3. சேசிஸிலிருந்து எஞ்சின் பிளாக் வரை 2.4. பிளாக்கிலிருந்து மோட்டார் உடம்பு வரை 0.1. எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியே கரண்ட் போகாது. சேசிஸையும் எஞ்சினையும் இணைப்பது ஒரு பின்னல் செம்புப் பட்டை மட்டும்தான். இந்த வண்டியில் அது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் போல்ட் ஒன்றில் மாட்டியிருந்தது. கியர்பாக்ஸை இறக்குபவர் கட்டாயம் கழற்ற வேண்டிய இடம்.

படுத்துப் பார்த்தபோது பட்டை இருந்தது. பார்வைக்கு மாட்டித்தான் இருந்தது. கையால் வளைத்துப் பார்த்தால், போல்ட்டில் மாட்டும் முனையான லக்கின் கழுத்தில் இழைகள் பெரும்பாலும் அறுந்து, மிச்சம் பச்சை பூத்திருந்தன. மறுமுனை சேசிஸில், கருப்பு அண்டர்கோட் பூச்சுக்கு மேலேயே போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்சம் தொடர்பு. 2.4 வோல்ட்டை 210 ஆம்பியரால் வகுத்தால் 0.011 ஓம். அதே இரண்டையும் பெருக்கினால் 504 வாட். அரை கிலோவாட் சூடு ஒரு சின்னப் பட்டையில் உருவாகிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் அதே இடத்தில் 1.2 வோல்ட்தான் இழப்பு. காலையில் எடுப்பதும் சூட்டில் எடுக்காததும், காத்திருந்தால் எடுப்பதும் ஏன் என்பதற்கு அதில் பெரும்பகுதி விடை இருந்தது.

முடிவை உறுதி செய்ய ஸ்பேனர் தேவையில்லை. தடிமனான ஜம்பர் கேபிள் ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான ஒரு இடத்திலும் கடித்துவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன். எஞ்சின் சுழன்ற வேகத்தைக் கேட்டு வண்டிக்காரர் சீட்டிலிருந்து தலையை நீட்டினார். மீட்டர் இல்லாதவர்கள் இந்த ஒரு சோதனையையாவது செய்துவிட்டு மோட்டாரில் கை வைக்கலாம்.

ஸ்பீடாமீட்டர் கேபிள் ஏன் கருகியது

பட்டை வழியே போக முடியாத கரண்ட் சும்மா இருக்காது. எஞ்சினையும் பாடியையும் தொடும் இரும்பு எதுவாக இருந்தாலும் அதன் வழியே போகப் பார்க்கும். ஸ்பீடாமீட்டர் கேபிளின் வெளிச்சுருள் கியர்பாக்ஸிலிருந்து டேஷ் போர்டு வரை ஓடுகிறது. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் அது எர்த் கேபிளாக வேலை பார்த்திருக்கிறது. கிரீஸ் கருகியது அதனால். வேறு வண்டிகளில் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், சோக் கேபிள் இப்படிப் புகைந்து பார்த்திருக்கிறேன். காரணமில்லாமல் ஒரு கேபிள் இறுகினாலோ உருகினாலோ எஞ்சின் எர்த்தைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஹீட்டர் பிளக்குகளுக்கும் எஞ்சின் பிளாக்தான் எர்த். நான்கும் சேர்ந்து 40 ஆம்பியர் போல இழுத்தால் அந்தப் பட்டையில் கிட்டத்தட்ட அரை வோல்ட் அவற்றுக்கும் நஷ்டம். மலைக் குளிரில் அதிகாலை ஸ்டார்ட்டுக்கு வெள்ளைப் புகை கூடியிருந்ததை வண்டிக்காரர் "டீசல் சரியில்ல" என்று நினைத்திருந்தார். ஆல்டர்னேட்டரின் உடம்பும் எஞ்சினில்தான் பூட்டியிருக்கிறது. சார்ஜ் கரண்டும் இதே பட்டை வழியே பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட், பேட்டரி தண்டுகளில் 13.9. புதுப் பேட்டரி ஏன் நிறையவே இல்லை என்பது புரிந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் அந்தப் பேட்டரியும் சீக்கிரம் சல்பேட் பிடித்துப் போயிருக்கும், அப்போது "பேட்டரிதான் கோளாறு" என்று ஊர்ஜிதமாகியிருக்கும்.

வேலை சின்னது. சேசிஸில் போல்ட் உட்காரும் இடத்தையும் பெல் ஹவுசிங்கில் லக் உட்காரும் இடத்தையும் இரும்பு வெளுக்கும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து, 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் அழுத்திப் பிடித்த லக்குடன் புதிய எர்த். இறுக்கிய பிறகு மேலே கிரீஸ். இறுக்குவதற்கு முன் அல்ல. கூடவே பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்குக்கு இன்னொரு கேபிளும் போட்டேன். பழைய வண்டிகளில் இதை எப்போதும் செய்வது என் வழக்கம். 35 சதுர மில்லிமீட்டர் செம்புக்கு ஒரு மீட்டர் நீளத்துக்குத் தடை 0.0005 ஓம் அளவுதான்.

கேபிள் வாங்கும்போது ஒன்று. வெளியே செம்பு, உள்ளே அலுமினியம் என்ற கேபிள்கள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. தடிமன் பார்த்தால் நிறைவாக இருக்கும், விலையும் இதமாக இருக்கும். ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

மறுபடி அளந்தேன். சுற்றும்போது பேட்டரியில் 10.4 வோல்ட், கரண்ட் 270 ஆம்பியர், எர்த் பக்க இழப்பு மொத்தம் 0.25, மோட்டாருக்குக் கிடைத்தது 9.4. பேட்டரி வோல்டேஜ் முன்பைவிடக் குறைந்திருக்கிறதே என்று அருகில் நின்ற பையன் கேட்டான். நல்ல கேள்வி. இப்போதுதான் மோட்டார் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்கிறது.

மிச்சம் இருந்த இன்னொன்று

இத்தோடு முடிந்தது என்று வண்டியை அனுப்பினேன். வேகமாகச் சுற்றுகிறது, எடுக்கிறது, ஆனால் நீண்ட ஏற்றத்துக்குப் பிறகு எப்போதாவது ஒரு தடவை சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடப்பதில்லை என்று திரும்ப வந்தார். இழுவை இல்லை, கனமான டக்கும் இல்லை. மெல்லிசாக ஒரு சத்தம், அதுவும் சில நேரம்தான். முன்பு இருந்தது வேறு கோளாறு, இது வேறு. பெரிய கோளாறு இதை மறைத்துக்கொண்டிருந்தது.

சோலனாய்டில் இரண்டு சுருள்கள். ஒன்று இழுக்க, ஒன்று பிடித்து வைக்க. இழுக்கும் அந்தக் கணத்தில் இரண்டும் சேர்ந்து பல ஆம்பியர் கேட்கும். பழைய ஜீப்பில் அது பேட்டரியிலிருந்து ஆம்மீட்டர், சாவி சுவிட்ச், வயர்களை இணைக்கும் இரண்டு மூன்று கப்ளர் என்று சுற்றி வர வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் திருகிய சுவிட்ச். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடும்; 30 டிகிரியிலிருந்து 90-க்குப் போனால் சுருளின் தடை ஏறக்குறைய 23 சதவீதம் ஏறிவிடும். கரண்ட் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும், காந்தத்தின் இழுவிசை அதைவிட வேகமாகக் குறையும். மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நல்ல வோல்டேஜ் வந்தால் அப்போதும் இழுக்கும். வரவில்லை.

சோலனாய்டின் சின்ன டெர்மினலில் மீட்டரை வைத்து, சூட்டில், இழுக்காத நேரத்தில் பிடித்த அளவு 7.4 வோல்ட். அதே நேரம் பேட்டரியில் 12.1. சாவி சுவிட்சின் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் நடுவே மட்டும் 3.1 வோல்ட் இழப்பு. மீதி 1.6 வயரிலும் கப்ளரிலும்.

புது சுவிட்ச் போடலாம். அதுவும் கொஞ்ச நாளில் இதே சுமையில் தேயும். 40 ஆம்பியர் ரிலே ஒன்றை மோட்டாருக்கு அருகில் பூட்டி, ஸ்டட்டிலிருந்து ஃப்யூஸ் வழியாகத் தடித்த வயரில் அதற்குக் கரண்ட் கொடுத்து, ரிலேயிலிருந்து சோலனாய்டுக்கு விட்டேன். சாவிச் சுவிட்ச் இனிமேல் ரிலேயின் சுருளை மட்டும் இயக்கினால் போதும். கால் ஆம்பியர்கூட வேண்டாம். சின்ன டெர்மினலில் வோல்டேஜ் 11.6-க்கு வந்தது. அந்தப் புகார் அதற்கப்புறம் வரவில்லை.

சாக்குப் பையில் கிடந்த பழைய மோட்டாரையும் மேசையில் பிரித்துப் பார்த்தேன். புதுக் கார்பன் பாதிகூடத் தேயவில்லை. கம்யூட்டேட்டர் கருத்திருந்தது, ஆனால் மேடு பள்ளம் இல்லை. ஷார்ட் சோதிக்கும் கிரவுலர் கருவியில் வைத்துப் பார்த்தால், சுற்றும் பாகமான ஆர்மெச்சரில் ஷார்ட் இல்லை. தண்டைத் தாங்கும் பின்பக்க புஷ்ஷில் மட்டும் கொஞ்சம் ஆட்டம். புஷ்ஷை மாற்றி, பெண்டிக்ஸைத் துடைத்து, வண்டிக்காரரிடம் ஸ்பேராக வைத்துக்கொள்ளச் சொன்னேன். இந்த மாதிரி மோட்டார்களுக்கு கார்பனும் புஷ்ஷும் சோலனாய்டும் தேனியிலோ மதுரையிலோ இன்றும் சுலபமாகக் கிடைப்பது பெரிய ஆறுதல். முழு மோட்டாரை மாற்றும் அவசியம் அபூர்வமாகத்தான் வரும்.

அதே ஸ்டாண்டைச் சேர்ந்த இன்னொரு ஜீப் கொஞ்ச நாளில் "அதே கோளாறு, அந்த எர்த் கேபிளைப் போட்டுருங்கண்ணே" என்று வந்து நின்றது. சூட்டில் இழுவையான சுற்று, புகார் அச்சு அசல் அதே. அளந்தால் கரண்ட் 420 ஆம்பியர், பேட்டரி 9.2-க்கு இறங்குகிறது, எர்த் இழப்பு 0.3, பாசிட்டிவ் பக்கம் 0.5. கையால் திருப்பினால் எஞ்சின் லேசாகச் சுற்றுகிறது. இதில் மோட்டாரைத்தான் கழற்றினேன். முன்பக்க புஷ் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்து, சாய்ந்த ஆர்மெச்சர் உள்ளே, அதைச் சுற்றி உடம்பில் பூட்டியிருக்கும் காந்த இரும்புகளான போல் ஷூக்களில் உரசிய இடம் பளபளவென்று மின்னியது. புஷ் இரண்டையும் மாற்றியதும் கரண்ட் 280-க்கு வந்தது. எர்த் கேபிளைத் தொடவில்லை. அதற்குக் காசு வாங்கவில்லை என்பதை அவரால் நம்ப முடியவில்லை.